நடுரோட்டில் இறங்கிய குட்டி விமானம்... திருச்சி வானத்தில் இவர்களுக்கு என்ன வேலை?

திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் பஸ், லாரி, டூவீலர், ஆட்டு மந்தை என எல்லாம் பார்த்துப் பழகியவர்களுக்கு, 2025 நவம்பர் 13-ம் தேதி வியாழக்கிழமை மதியம் கிடைத்தது புதுக் காட்சி. கீரனூரை அடுத்த அம்மாசத்திரம் பகுதியில், நார்த்தாமலைக் குன்றுகளுக்குப் பக்கத்தில், நடுரோட்டில் ஒரு விமானம் நின்றுகொண்டிருந்தது. சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 ரகப் பயிற்சி விமானம் அது. உள்ளே இருந்தவர்கள் காயமில்லாமல் இறங்கினார்கள். சற்று நேரத்தில் கூட்டம் கூடியது. செல்ஃபிகளுக்கும் குறைவில்லை.

இப்படி ஒரு செய்தியைப் படித்ததும் 'அதிர்ஷ்டம்' என்ற சொல்தான் முதலில் வாயில் வரும். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அந்த நொடியில் எதிரே ஒரு லோடு லாரி வந்திருந்தால் கதை வேறு. ஆனால், அதிர்ஷ்டத்துக்கு முன்னால் வேலை செய்த ஒன்று இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரும், 'இப்போது எஞ்ஜின் நின்றுவிட்டது, என்ன செய்வாய்?' என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்ப, சலித்துப்போகும் அளவுக்குப் பதில் சொல்லிப் பழகுகிறார்கள். பயிற்றுநர் திடீரென்று த்ராட்டிலைப் பின்னால் இழுத்துவிட்டு, சும்மா உட்கார்ந்துகொள்வார். மீதியை மாணவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றைய கோளாறு என்ன, யார் பொறுப்பு என்பது விசாரணை அதிகாரிகளின் வேலை. நமக்குத் தெரிந்துகொள்ள வேறு விஷயங்கள் இருக்கின்றன. இந்தக் குட்டி விமானங்கள் நம் தலைக்கு மேல் ஏன் சுற்றுகின்றன? யார் ஓட்டுகிறார்கள்? நம் வீட்டுப் பிள்ளை 'நான் பைலட் ஆகணும்' என்றால், எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

எஞ்ஜின் நின்றால் விழுந்துவிடுமா?

விழாது. பலருக்கும் இருக்கிற பயம் இது. எஞ்ஜின் நின்றாலும் இறக்கை இறக்கைதான். செஸ்னா 172 போன்ற விமானம், ஓர் அடி கீழே இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னால் சறுக்கிக்கொண்டு போகும். 3,000 அடி உயரத்தில் எஞ்ஜின் கைவிட்டால், ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரமும் நான்கு நிமிடங்களும் கையில் இருக்கும். காற்று எதிர்த்து அடித்தால் இன்னும் குறையும்.

இந்தக் கணக்கை அம்மாசத்திரத்துக்குப் போட்டுப் பாருங்கள். அங்கிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 28 கிலோமீட்டர். எஞ்ஜின் உதவி இல்லாமல் அங்கே போய்ச் சேர 10,000 அடிக்கு மேல் பறந்துகொண்டிருக்க வேண்டும். பயிற்சி விமானங்கள் சாதாரணமாக அவ்வளவு உயரத்தில் போவதில்லை. ஆக, ஓடுபாதை என்ற ஆசையை முதல் நிமிடத்திலேயே விட்டுவிட்டு, கண்ணுக்கு எட்டிய தரையில் நல்லதொரு இடம் தேட வேண்டும்.

எது நல்ல இடம்? வயல்தான் பஞ்சு மெத்தை மாதிரி என்று நினைக்கத் தோன்றும். நவம்பர் மாதம் மழைக்காலம். சேறான வயலில் முன்சக்கரம் புதைந்தால் விமானம் குட்டிக்கரணம் அடித்துவிடும். சாலை கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டிகள், மின்கம்பிகள், மரங்கள், மைல்கல் எல்லாம் உண்டு. இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு பொதுவாக 7 மீட்டர்தான். செஸ்னா 172-ன் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 11 மீட்டர். நல்லவேளையாக, இந்த ரகத்தில் இறக்கை விமானத்தின் தலைக்கு மேல் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் சாலையோரக் கற்களுக்கு மேலாகத் தாண்டிப் போய்விடும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 90 முதல் 100 கிலோமீட்டர் இருக்கலாம். நம் ஊர் தனியார் பஸ்ஸில் போனவர்களுக்கு அது புதிதல்ல. பஸ்ஸுக்கு மின்கம்பியைப் பற்றிக் கவலை கிடையாது, அவ்வளவுதான்.

பைலட்கள் மந்திரம் போல மனப்பாடம் செய்யும் வரிசை ஒன்று உண்டு. முதலில் விமானத்தைப் பறக்கவை. பிறகு எங்கே போவது என்று பார். அதன்பிறகுதான் ரேடியோவில் பேசு. பதற்றத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் உலகம் முழுக்க அதிகம் சிக்கியிருக்கிறார்கள். 

கூடி நின்று செல்ஃபி எடுத்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த விமானங்களின் இறக்கைக்குள்தான் எரிபொருள் டேங்க் இருக்கிறது. அடிபட்ட விமானத்தில் கசிவு இருந்தால் ஒரு பீடி நெருப்பு போதும். நின்றுவிட்ட ப்ரொப்பெல்லரையும் கையால் தொடக் கூடாது. சில நேரங்களில் அது மீண்டும் சுற்றிவிடும். உள்ளே இருப்பவர்களை வெளியே கொண்டுவர உதவுவது, 112-க்கு அழைப்பது, சாலையின் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்துவது... இவ்வளவும் செய்தால் போதும். உடைந்த துண்டு ஒன்றை 'ஞாபகார்த்தமாக' எடுத்துப்போவது விசாரணையையே திசை திருப்பிவிடும்.

சேலத்து விமானம் திருச்சிப் பக்கம் வருவது ஏன்?

வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல் வாங்க இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதை விமான நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தே முடித்துவிட முடியாது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தனியாக வழி கண்டுபிடித்துப் போய்வர வேண்டும். அதிலும் ஒரு பயணம் குறைந்தது 300 நாட்டிகல் மைல், அதாவது 555 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். நடுவே இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்க வேண்டும். 'கிராஸ் கன்ட்ரி' என்பார்கள். 

சேலம் விமான நிலையம் 1993-ல் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் பயணிகள் விமானமே இல்லாமல் கிடந்து, 2023 அக்டோபரில் மறுபடி உயிர்பெற்றது. 2022-ல் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்காகத் தேர்ந்தெடுத்த ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. பெரிய விமானங்களின் நெரிசல் இல்லாத ஓடுபாதை என்பது கற்றுக்கொள்கிறவர்களுக்கு வரம். 

வரைபடத்தில் சேலத்தையும் திருச்சியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் சுமார் 130 கிலோமீட்டர். செஸ்னாவுக்கு 40 நிமிட வேலை. அந்தக் கோட்டுக்கு நடுவில் வந்து நிற்கிறது கொல்லிமலை! காரில் போகிறவர்களை 70 கொண்டை ஊசி வளைவுகளால் தலைசுற்ற வைக்கும் அதே மலை, மேலே போகிறவர்களுக்கும் ஒரு பரீட்சை வைக்கிறது. உச்சி 4,000 அடிக்கு மேல். மேகம் தாழ்ந்திருக்கும் நாளில் மலைக்கு மேலே ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்று கிளம்பும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். சுற்றிப் போகிறவர்களுக்குக் கைகொடுப்பது காவிரி.

ரங்கநாதர் காட்டும் வழி

ஜி.பி.எஸ் இருக்கிற காலத்திலும், பயிற்சியில் தரையைப் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆறு, ரயில் பாதை, ஏரி, குன்று, கோபுரம். எல்லா ஊரிலும் எல்லாம் கிடைக்காது. கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு இந்தியாவில் இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த தரை வேறெங்காவது இருக்குமா என்பது சந்தேகம்தான். திருச்சிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

மேற்கிலிருந்து வந்தால் குளித்தலை, முசிறி தாண்டி அகலமாகக் கிடக்கும் காவிரி, முக்கொம்பில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கொள்ளிடம், வலது பக்கம் காவிரி. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இருக்கும் இடம் இது. வெயில் காலத்தில் ஆறு முழுக்க மணலாகத் தெரிந்தாலும் பிரியும் இடத்தைத் தவறவிட முடியாது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் நீளமான ஒரு தீவு. அதன் நடுவில் ஸ்ரீரங்கம்.

கீழே நின்று பார்ப்பவருக்கு ஸ்ரீரங்கம் என்றால் ராஜகோபுரம். 13 நிலைகள், 236 அடி, 1987-ல் நிறைவடைந்தது. மேலிருந்து பார்க்கிறவருக்குக் கோபுரத்தைவிட முதலில் கண்ணில் படுவது மதில்கள்தான். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு செவ்வகங்கள். உத்திர வீதி, சித்திர வீதி என்று நாம் நடந்து கடக்கும் தெருக்கள், மேலே இருந்து பார்த்தால் யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலத் தெரியும். தீவுக்குத் தெற்கே, காவிரியின் மறுகரையில் மலைக்கோட்டை, சமதரையில் தன்னந்தனியாக ஒரு பாறை. தெற்கே இன்னும் போனால் விமான நிலையம். தீவின் கிழக்கு முனையில் கல்லணை. அதைத் தாண்டிவிட்டால் கீழே எல்லாமே பச்சை, டெல்டா ஆரம்பம். ஒரு வாய்க்காலுக்கும் இன்னொரு வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் குழம்பிப்போக வேண்டியதுதான்.

கிழக்கே கவனமாகவும் இருக்க வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய்-30 போர் விமானங்களின் படைப்பிரிவு நிலைகொண்டிருக்கிறது. அந்த வான்பரப்புக்குள் அனுமதியில்லாமல் எட்டிப்பார்ப்பது விளையாட்டு அல்ல.

ஒரு வரி டைரி

பறப்பவர்கள் எல்லோரிடமும் ஒரு குறிப்பேடு உண்டு. லாக் புக். பொழுதுபோக்குக்காகப் பறக்கும் தனியார் உரிமக்காரரானாலும் சரி, ஏர்பஸ் ஓட்டுபவரானாலும் சரி, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி எழுதியாக வேண்டும். தேதி, விமானத்தின் ரகம், வி.டி. என்று தொடங்கும் பதிவெண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், எத்தனை மணி நேரம், பகலா இரவா, பயிற்றுநருடனா தனியாகவா. கடைசியில் குறிப்பு எழுத ஒரு சிறிய கட்டம்.

அந்தச் சிறிய கட்டம்தான் சுவாரஸ்யம். பக்கக் காற்று, மூடுபனி, இறங்கக் காத்திருந்த நேரம், முதல் முறை தனியாகப் பறந்த நாள்... எல்லாம் இரண்டு மூன்று வார்த்தைகளில் அங்கேதான் அடங்கும். சொத்துப் பத்திரத்தைவிடப் பத்திரமாக வைத்திருப்பார்கள், ஏனென்றால் அதில் இருக்கும் மணிக்கணக்குதான் அவர்களுடைய தகுதி. பொய்க் கணக்கு எழுதினால் உரிமமே போய்விடும். அம்மாசத்திரத்தில் இறங்கியவர்கள் 'சேர்ந்த இடம்' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப்பார்க்கலாம்!

திருச்சிக்கு வரும் சிறிய விமானங்களின் குறிப்புகளில் இரண்டு விஷயங்களுக்கு நிச்சயம் இடம் உண்டு. ஒன்று, காற்று. விமானம் எப்போதும் காற்றை எதிர்கொண்டு இறங்க வேண்டும். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்திருக்கிறது. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று நம் பாட்டிமார்கள் சொன்ன காற்று மேற்கிலிருந்து வரும். அப்போது கிழக்கே இருந்து வந்து மேற்கு நோக்கி இறங்குவார்கள். மார்கழி, தையில் வாடை திரும்பியதும் திசை மாறும். நேராக எதிரே வரும்வரை ஆடிக்காற்று நல்ல பிள்ளைதான். கொஞ்சம் சாய்ந்து அடித்தால் ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான எடையுள்ள விமானத்தை ஓரமாகத் தள்ளப் பார்க்கும். கோடை மதியத்தில் சூடான காற்று மெலிந்துபோவதால் மேலெழும்ப அதிக தூரம் ஓட வேண்டும், ஏறியபிறகும் குலுக்கல். அதனால்தான் பயிற்சிக்கு விடியற்காலைக்கு மவுசு அதிகம்.

இரண்டாவது, பெரிய அண்ணன்கள். 2024 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்த புதிய முனையத்துடன் திருச்சி இன்று வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என வெளிநாட்டுப் போக்குவரத்துக்குப் பேர்போன நிலையம். ஒரு போயிங் அல்லது ஏர்பஸ் கடந்துபோன இடத்தில், கண்ணுக்குத் தெரியாத காற்றுச் சுழல் சில நிமிடங்கள் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் போய் மாட்டினால் குட்டி விமானம் புரண்டுவிடும். பெரியது இறங்கியபின் சிறியதுக்கு 3 நிமிட இடைவெளி என்பது உலக விதி. எரிபொருளும் வேறு. பெரிய விமானங்களுக்கு மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஏ.டி.எஃப். பெரும்பாலான செஸ்னாக்களுக்கு வேண்டியது ஏவ்கேஸ் என்னும் பெட்ரோல் வகை. அது எல்லா நிலையத்திலும் கிடைக்காது. 2022 வரை இந்தியா இதை முழுக்க இறக்குமதிதான் செய்தது. அந்த ஆண்டில்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரித்த ஏவ்கேஸ் அறிமுகமானது.

தபால் மூட்டையில் தொடங்கிய கதை

குட்டி விமானம் திருச்சிக்குப் புதுசும் இல்லை. 1932-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தாரே, அந்தச் சேவை பம்பாயிலிருந்து மெட்ராஸ் வரை நீண்டது. 1938-ல் அது மெட்ராஸிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்குப் போனது. நம் ஊர் மண்ணில் சிவில் விமானம் என்பது சின்ன எஞ்ஜினும் தபால் மூட்டையுமாகத்தான் வளர்ந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1935 நவம்பரில், கொழும்பின் ரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலில் இறங்கிய விமானமும் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் 'புஸ் மாத்' ரகக் குட்டி விமானம்தான்.

இரண்டாம் உலகப் போரில் தமிழ்நாடெங்கும் ஓடுதளங்கள் முளைத்தன. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, தஞ்சாவூர், சூலூர்... தஞ்சாவூரும் சூலூரும் விமானப்படையிடம் போயின. சோழவரத்தில் கார் பந்தயம் நடந்தது. மற்றவற்றில் பல, புல் முளைத்துக் கிடக்கின்றன. அவற்றைப் பயிற்சிக்குத் தரலாமே என்ற யோசனை ஆட்சிகள் மாறினாலும் மாறாமல் திரும்பத் திரும்ப எழுகிறது.

மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய தம்பதி கேப்டன் வி.சுந்தரம் - உஷா சுந்தரம். 1950-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு 'டவ்' விமானத்தை இருவரும் 27 மணி நேரத்தில் பம்பாய்க்கு ஓட்டிவந்தார்கள். தெருநாய்களுக்கு அடிபட்டால் நாம் இன்று தேடும் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியவர்களும் அவர்களே.

திருச்சிக்கு நெருக்கமான இன்னொரு பெயர் அப்துல் கலாம். செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-ல் இயற்பியல் முடித்தவர், அடுத்து குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் விமானப் பொறியியல் படித்தார். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனபோது இருந்தவை 8 இடங்கள். அவர் வந்தது 9-வது. அந்த ஓர் இடம் நழுவியதன் வலி அவருக்கு ரொம்ப நாள் இருந்தது. 2006 ஜூனில், குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனேயில் சுகோய் விமானத்தில் துணை விமானி இருக்கையில் அமர்ந்து பறந்தார்.

வீட்டில் ஒரு குட்டி கலாம் இருந்தால்...

'பைலட் ஆகணும்' என்று சொல்லும் பிள்ளைக்கு முன்னால் இரண்டு பாதைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தனியார் விமானி உரிமம், பி.பி.எல்: வயது 17, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. இதை வைத்துக்கொண்டு ஆசைக்குப் பறக்கலாம், சம்பளத்துக்குப் பறக்க முடியாது. வேலைக்கு வேண்டியது சி.பி.எல்: வயது 18, 200 மணி நேரம். பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்பது நெடுநாள் விதி. மற்ற பிரிவினருக்கும் திறந்துவிடலாமா என்ற பேச்சு 2025-ல் அடிபட்டது. சேரும் முன் டி.ஜி.சி.ஏ இணையதளத்தில் இன்றைய நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

செலவைப் பூசி மெழுக வேண்டாம். சி.பி.எல் முடிக்க ரூ. 50 லட்சத்தைத் தாண்டும். அதோடு முடியாது. ஏர்பஸ், போயிங் என ஒரு ரகத்தை ஓட்டத் தனிப் பயிற்சி, அதற்குத் தனியாக லட்சங்கள். அதற்குப் பிறகும் வேலை உடனே கிடைக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைக்கப்போகும் குடும்பம், விளம்பரத்தில் சிரிக்கும் சீருடையைப் பார்த்துவிட்டு அல்ல, ஓடுபாதையோரம் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பள்ளியில் எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்று கேட்டால் பெரிய எண்ணாகத்தான் சொல்வார்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள்? எத்தனை பயிற்றுநர்கள்? போன வருடம் சேர்ந்தவர்கள் இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில், மாணவர்களின் லாக் புக்கிலேயே இருக்கும். ஒன்றரை வருடத்தில் முடிய வேண்டிய பயிற்சி, விமானம் பழுது, பயிற்றுநர் இல்லை, மழை என்று மூன்று வருடத்துக்கு இழுத்தால், வங்கி வட்டி மட்டும் ஒருநாளும் தாமதிக்காது.

2025 அக்டோபரிலிருந்து டி.ஜி.சி.ஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரம்பிரித்துப் பட்டியல் வெளியிடுகிறது. முதல் பட்டியலில் நாட்டின் எந்தப் பள்ளியும் 'ஏ' தரத்தைத் தொடவில்லை. அந்தப் பட்டியலைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. டி.ஜி.சி.ஏ அங்கீகரித்த மருத்துவர்களிடம்தான் செய்ய வேண்டும். மாணவ விமானி உரிமத்துக்கும் பி.பி.எல்-லுக்கும் இரண்டாம் வகுப்பு, சி.பி.எல்-லுக்கு முதல் வகுப்பு. கண்ணாடி போட்டிருந்தாலே பறக்க முடியாது என்பது தவறான எண்ணம். கண்ணாடி போட்டுச் சரியாகத் தெரிந்தால், குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் அனுமதி உண்டு. நிறங்களைப் பிரித்தறிவதில் சிக்கல் இருப்பது சிலருக்கு இந்தப் பரிசோதனையில்தான் முதன்முதலில் தெரியவரும். சிலர் இரண்டாம் வகுப்பில் தேறிவிட்டு, லட்சங்கள் செலவான பிறகு முதல் வகுப்பில் மாட்டிக்கொள்கிறார்கள். வேலைக்குத்தான் போகப்போகிறார் என்றால், இரண்டையுமே அட்மிஷன் ஃபீஸுக்கு முன்பே முடித்துவிடலாம்.